மாரடைப்பும் மூலக்கலமும்: விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

அண்மைக் காலமாக எம்மவர் மத்தியில் "ஸ்டெம் செல்" என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. மாரடைப்பு வந்து இதயம் பலவீனமடைந்த ஒருவர் வீட்டில் இருந்தால், ஊரில் இருக்கும் உறவினரோ கனடாவில் இருக்கும் நண்பரோ ஒரு தனியார் நிலையத்தின் விளம்பரத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பி வைக்கிறார். எலும்பு மச்சையில் இருந்தோ கொழுப்பில் இருந்தோ கலங்களை எடுத்து இதயத்துக்குள் செலுத்தினால் பழுதான தசை புதிதாக வளரும் என்பதே அந்த விளம்பரங்களின் சாரம். கட்டணமோ ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

தமிழகத்தில் ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்கிறார்கள். எமது பாடநூல்களில் "கலம்" என்றே படித்ததால் நாம் இங்கே மூலக்கலம் என்று எழுதுகிறோம். எமது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். மூலக்கல ஆராய்ச்சி உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு இதயத்துக்கு மூலக்கல ஊசி போடும் வியாபாரத்தை எமது மக்கள் இன்று நம்பக் கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மூலக்கலம் எப்படி இதயத் தசையாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

இதயம் ஏன் தானாக வளருவதில்லை?

கையில் வெட்டுக் காயம் பட்டால் தோல் மீண்டும் வளருகிறது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்யும். இதயத் தசை அப்படி அல்ல. 2009இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரிசென் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரி மனித உடலிலும் சேர்ந்திருந்தது. அதை வைத்துக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் இதயத் தசைக் கலங்களில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே ஒரு வருடத்தில் புதிதாகிறது. 75 வயதில் அது 0.45 வீதமாகக் குறைந்து விடுகிறது.

பெரிய மாரடைப்பு ஒன்றில் சுமார் நூறு கோடி தசைக் கலங்கள் இறந்து போகலாம். வருடத்துக்கு ஒரு வீதம் என்ற வேகத்தில் இந்த இழப்பு ஈடாகாது. இறந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு சுருங்கி விரியாது. மீதித் தசையே முழுச் சுமையையும் இழுக்கிறது. சில காலத்தில் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படி ஏற முடியவில்லை. இதைத்தான் வைத்தியர்கள் இதயச் செயலிழப்பு என்கிறார்கள்.

கட்டளையிடும் புரதங்கள்

மூலக்கலம் என்பது இன்னும் தொழில் தெரிவு செய்யாத கலம். அது நரம்பாகலாம், ஈரலாகலாம், எலும்பாகலாம், இதயமாகலாம். எதுவாக வேண்டும் என்பதை அதன் அயலில் உள்ள கலங்கள் அனுப்பும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறோம். ஒரு கலம் புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பில் தனக்கென்று உள்ள வாங்கியில், பூட்டில் திறப்புப் பொருந்துவது போலப் பொருந்தும். உடனே கலத்துக்குள் செய்தி கைமாறிக் கைமாறிக் கருவரை போகும். அங்கே சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், சில அடங்கும்.

தாயின் வயிற்றில் கரு மூன்றாவது வாரத்தில் இருக்கும்போது இந்த வேலை நடக்கிறது. பெரும்பாலான தாய்மாருக்குத் தாம் கர்ப்பமாக இருப்பது அப்போதுதான் தெரிய வருகிறது. முதலில் வின்ட் என்னும் புரதமும் அக்டிவின், நோடல் குடும்பத்துப் புரதங்களும் கலங்களை நடுப்படைக்குள் சேர்க்கின்றன. பிறகு பிஎம்பி, எஃப்ஜிஎஃப் என்னும் புரதங்கள் அயலில் இருந்து வந்து, அவற்றில் ஒரு பகுதியை இதயத்தின் பக்கம் திருப்புகின்றன. காட்டா 4, என்கேஎக்ஸ் 2-5, ஐலெட் 1 போன்ற மரபணுக்கள் விழிக்கின்றன. சுமார் 22ஆம் நாளில் முதலாவது துடிப்பு ஆரம்பிக்கிறது.

பிஎம்பி என்பதன் பெயரிலேயே எலும்பு இருக்கிறது. அமெரிக்க வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் எலும்பு வளர்ச்சி பற்றிச் செய்த ஆய்வில் இருந்தே அதன் கதை தொடங்குகிறது. எலும்பை வளர்க்கும் அதே குடும்பப் புரதம் வேறொரு நேரத்தில், வேறோர் இடத்தில், வேறோர் அளவில் இதயத்தை உண்டாக்கவும் உதவுகிறது. வின்ட் இன்னும் விசித்திரமானது. ஆரம்பத்தில் அது இல்லாவிட்டால் இதயம் உருவாகாது. சில நாட்களின் பின் அது அடக்கப்படாவிட்டாலும் இதயம் உருவாகாது. எமது சமையலில் தாளிதத்துக்கு நேரமும் வரிசையும் இருப்பது போலத்தான். கடுகு வெடிக்கும் முன் மற்றதைக் கொட்டினால் கறி வேறாகி விடும்.

இந்த வரிசையை ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்குப் பல வருடங்கள் எடுத்தன. 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சார்ள்ஸ் மரி குழுவினர் அக்டிவினையும் பிஎம்பி 4ஐயும் வரிசையாகக் கொடுத்து மனித முளைய மூலக்கலங்களை இதயத் தசைக் கலங்களாக மாற்றினார்கள். 2012இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் குழுவினர் வின்ட் பாதையை முதலில் தூண்டி, பிறகு அடக்கி, 80 முதல் 98 வீதம் வரை இதயத் தசைக் கலங்களைப் பெற்றார்கள். ஆய்வுகூடத்தின் தட்டில் அந்தக் கலங்கள் தாமாகவே துடித்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அளவும் நேரமும் வரிசையும் சரியாக இருந்தால்தான் மூலக்கலம் இதயமாகிறது. ஒருவருடைய எலும்பு மச்சையை உறிஞ்சி எடுத்து, எந்தக் கட்டளையும் கொடுக்காமல், தழும்பு விழுந்த இதயத்துக்குள் விட்டால் அந்தக் கலங்கள் எதைக் கேட்டு இதயமாக மாறும்? விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

பரிஸ் நகரின் அனுபவம்

இந்தத் துறையின் முக்கியமான அத்தியாயங்கள் எமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கின்றன. லா ஷப்பலுக்குக் கடைக்குப் போகும் எம்மவருக்குப் பதினெட்டாம் வட்டாரத்தின் பிஷா வைத்தியசாலை தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி அங்கே பேராசிரியர் பிலிப் மெனாஷே, 72 வயதான ஒருவரின் தொடைத் தசையில் இருந்து எடுத்து வளர்த்த கலங்களை, பைபாஸ் சத்திரசிகிச்சையின்போது அவரது இதயத் தழும்புக்குள் செலுத்தினார். உலகம் முழுவதும் அது பெரும் செய்தியானது.

மெனாஷே அத்தோடு நின்று பணம் பண்ணத் தொடங்கவில்லை. ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றை ஐரோப்பிய நாடுகளில் நடத்தினார். சிலருக்குக் கலங்கள், சிலருக்குக் கலமில்லாத ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 97 நோயாளிகளின் முடிவுகள் 2008இல் வெளியாகின. இதயத்தின் இயக்கத்தில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. கலம் பெற்றவர்களிடம் ஆரம்ப நாட்களில் இதயத் துடிப்புக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்குப் பாதுகாப்புக்காக மின்னதிர்ச்சிக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. தொடைத் தசைக் கலம் இதயத்துக்குள் போனாலும் தொடைத் தசையாகவே இருந்தது. அயலில் உள்ள இதயக் கலங்களோடு மின் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளவில்லை. மெனாஷே தமது ஆய்வு பலன் தரவில்லை என்பதைத் தாமே உலகத்துக்கு அறிவித்தார். எமது பார்வையில் அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது.

அதன் பின் அவர் கட்டளைகளின் பக்கம் திரும்பினார். மனித முளைய மூலக்கலங்களுக்குப் பிஎம்பி 2 புரதத்தைக் கொடுத்து, கூடவே எஃப்ஜிஎஃப் சமிக்ஞையைத் தடுத்து, அவற்றை இதயத்தின் முன்னோடிக் கலங்களாக மாற்றினார்கள். மாறாத கலம் ஒன்று மிஞ்சினாலும் கட்டி உண்டாகலாம் என்பதால் மாறியவற்றை மட்டும் காந்த மணிகளால் பிரித்து எடுத்தார்கள். இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் பொருளில் ஒரு ஒட்டு செய்து அதற்குள் அவற்றை வைத்தார்கள். 2014 ஒக்டோபரில் ஜோர்ஜ் பொம்பிடூ ஐரோப்பிய வைத்தியசாலையில் 68 வயதான ஒரு பெண்மணியின் இதயத்தில் அந்த ஒட்டு வைக்கப்பட்டது. மூன்று மாதங்களின் பின் அவரது இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 26 வீதத்தில் இருந்து 36 வீதமாக உயர்ந்திருந்தது. ஆனால் அதே நேரத்தில் பைபாஸும் செய்யப்பட்டதால், முன்னேற்றம் ஒட்டினால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என அவர்களே எழுதினார்கள்.

மொத்தம் ஆறு பேருக்கு இது செய்யப்பட்டு, 2018இல் முடிவு வெளியானது. கட்டி உண்டாகவில்லை, துடிப்புக் கோளாறு உண்டாகவில்லை. பாதுகாப்பானது என்று சொல்லலாம், பலன் நிரூபணமானது என்று சொல்ல முடியாது. வைத்த கலங்கள் நீண்ட காலம் தங்குவதில்லை என்றும், அவை வெளியிடும் பொருட்களே நன்மை செய்யக் கூடும் என்றும் அக்குழு கருதுகிறது. எனவே இப்போது கலங்களை விட்டு, அவை வெளியிடும் நுண்ணிய பைகளை மட்டும் நாளத்தின் ஊடாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பெற்ற முதல் நோயாளி பற்றிய அறிக்கை 2024இல் வெளியானது. பிஷாவில் தொடங்கி இவ்வளவு தூரம் வர கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

வேறு நாடுகளிலும் இதே நிதானம்தான். 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், வளர்ந்த கலத்தைத் திருப்பி மூலக்கலமாக்க முடியும் என்று காட்டிய ஜப்பானியர் ஷின்யா யமனாக்கா 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் உண்டாக்கிய இதயத் தசைத் தாளை ஒசாகா பல்கலைக்கழகத்தினர் 2020 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். ஜேர்மனியின் கோட்டிங்கன் குழுவினர் துடிக்கும் தசை ஒட்டுப் பற்றிய தமது முடிவுகளை 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். இவை எல்லாம் பொது மேற்பார்வையோடு, சிலரில் மட்டும், படிப்படியாக நடப்பவை.

ஏமாற்றமும் நடந்தது

எலும்பு மச்சைக் கலம் இதயமாக மாறும் என்ற எண்ணம் 2001இல் பியரோ அன்வெர்சா என்ற ஆய்வாளரின் கட்டுரையால் பரவியது. 2004இலேயே வேறு இரு குழுவினர் அது நடக்கவில்லை என்று எழுதினார்கள். ஆனால் ஆசை அடங்கவில்லை. 2018இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியும் அதன் இணை வைத்தியசாலையும் அன்வெர்சாவின் ஆய்வுகூடத்தில் இருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அறிவித்தன. பொய்யான தரவுகள் அவற்றில் இருந்தன. இன்று எமது கைத்தொலைபேசிக்கு வரும் விளம்பரங்கள் பலவற்றின் வேர் அந்தப் பழைய கதைதான். மரம் வெட்டப்பட்ட பின்னும் அதன் பழத்தை விற்கிறார்கள்.

"வைத்தியர்கள் கைவிட்ட பின் முயன்று பார்த்தால் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. கண்ணுக்கு முன்னால் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, சும்மா இருக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அந்த மனத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நட்டம் இருக்கிறது. இதயத்துக்குள் ஊசி ஏற்றுவதிலேயே ஆபத்து உண்டு. தொடைத் தசைக் கலம் துடிப்பைக் குழப்பியதைப் பார்த்தோம். சீட்டு எடுத்தும் நகை விற்றும் கட்டிய பணம் திரும்பி வராது. எல்லாவற்றையும் விட, அந்த நம்பிக்கையில் தினமும் எடுக்க வேண்டிய மருந்தை நிறுத்தி விடுபவருக்கு வரும் நட்டம் பெரியது.

இந்தியாவிலும் சட்டம் வாய் மூடி இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற எந்த நோய்க்கும் மூலக்கலத்தைச் சிகிச்சை என்று விற்பது முறையற்றது. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். எனவே யாராவது உங்களிடம் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? எந்த ஒழுக்கக் குழு அனுமதித்தது? எந்தக் கலம், அதற்கு என்ன கட்டளை கொடுத்து மாற்றினீர்கள்? ஏன் நான் பணம் கட்ட வேண்டும்? பிரான்சில் மருத்துவ ஆய்வில் சேரும் நோயாளி பரிசோதனைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதில்லை. அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பலரை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து விடும்.

தொப்புள்கொடி இரத்தம்

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. பிள்ளை பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் பணம் கட்டி வைத்தால் பிற்காலத்தில் இதயம் முதல் எல்லாவற்றுக்கும் உதவும் என்று இளம் பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பது இரத்தம் உண்டாக்கும் மூலக்கலம். அதனால் இதயம் வளர்க்கலாம் என்பது நிரூபணமாகவில்லை. பிரான்சில் தன் பிள்ளைக்கென்று தனியே சேமித்து வைக்கும் வங்கிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. பெயர் குறிப்பிடாத, இலவசமான தானமாகவே அது ஏற்கப்படுகிறது.

உலகின் முதலாவது தொப்புள்கொடி இரத்த மாற்று 1988இல் பரிஸ் சென் லூயி வைத்தியசாலையில் பேராசிரியர் எலியான் குளுக்மன் தலைமையில் நடந்தது. பரம்பரை இரத்த நோய் உள்ள அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு அவனது தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் கொடுக்கப்பட்டது. அவனைக் காப்பாற்றியது இன்னொருவரின் கலம். தனக்கென்று பூட்டி வைத்த கலமாக இருந்திருந்தால் அதே நோய் அதிலும் இருந்திருக்கும். இன்று மூலக்கலத்தால் நிச்சயமாக உயிர் பிழைப்பவர்கள் இத்தகைய இரத்த நோயாளர்களே. பொருத்தமான கொடையாளி பெரும்பாலும் ஒரே இனப் பின்னணி கொண்டவர்களிடம்தான் கிடைப்பார். பிரான்சில் 18 வயதில் இருந்து 35 வயது வரையுள்ளவர்கள் எலும்பு மச்சைக் கொடையாளியாகப் பெயர் பதியலாம். எமது இளையோர் இதைச் செய்தால், மூலக்கலத்தால் எமது சமூகம் அடையக் கூடிய உண்மையான பயன் அதுவாக இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

தெற்காசியருக்கு மாரடைப்பு முந்தி வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளியானது. முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியரில் 53, மற்ற நாட்டவரில் 58.8. புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, வயிற்றுப் பருமன் போன்ற தெரிந்த காரணங்களே இதை விளக்கப் பெரும்பாலும் போதுமாக இருந்தன. உணவகத்திலும் துப்புரவு வேலையிலும் இரவு பகலாக உழைத்து, நேரம் தவறிச் சாப்பிட்டு, வருடக்கணக்கில் வைத்தியரைப் பார்க்காமல் இருக்கும் எம்மவருக்கு இது நேரடியான எச்சரிக்கை.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை நோவு, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "வாய்வு" என்று சொல்லி இஞ்சித் தேநீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். 15ஐ அழையுங்கள், அல்லது 112ஐ. இறந்து போகும் கலத்தை மீண்டும் வளர்க்க உலகின் சிறந்த ஆய்வுகூடங்களே இன்னும் திண்டாடுகின்றன. அடைப்பை நேரத்துக்குத் திறந்தால் அந்தக் கலங்களில் பெரும்பகுதி இறக்காமலே தப்பும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்கள் மருந்தை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். கடந்த சில வருடங்களில் நீரிழிவுக்கென்று வந்த ஒரு வகை மருந்தே இதயச் செயலிழப்புக்கும் நல்ல பலன் தருவது தெரிய வந்துள்ளது. இதுபற்றி உங்கள் இதய வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியசாலை தரும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு "வேலை இருக்கிறது" என்று போகாமல் விடாதீர்கள்.

எமது அமைப்புகளுக்கும் ஊடகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிரூபிக்கப்படாத மூலக்கலச் சிகிச்சை விளம்பரங்களை மலர்களிலும் வானொலிகளிலும் ஏற்க வேண்டாம். அந்த வருமானத்தை இழப்பதால் எந்தச் சங்கமும் மூடப்படாது. அதற்குப் பதிலாக, இதய வைத்தியரைப் பார்க்கப் போகும் பெரியவர்களுடன் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் கூடப் போக ஒழுங்கு செய்யலாம். கார்ஜ் லே கொனெஸிலும் சார்செலிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அம்மம்மாவின் இதய நோயை மொழிபெயர்க்கும் நிலை இருக்கக் கூடாது. வைத்தியர் சொன்னது சரியாக விளங்காத வீட்டில்தான் விளம்பரக்காரனின் பேச்சு சுலபமாக எடுபடுகிறது.

கட்டளை பெற்ற கலம் ஒருநாள் இதயத் தழும்பை மாற்றக் கூடும் என்றே நாமும் நம்புகிறோம். அந்த நாள் வரும்போது அது ஒழுங்கான வைத்தியசாலையில், உங்கள் சொந்த வைத்தியரின் கடிதத்தோடு வரும். அதுவரை உங்கள் பணத்தையும் உங்கள் இதயத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.